ஞாயிறு மாலை ஏழரை மணி: ‘விண்வெளிப் போர்க்கப்பல் யாமாட்டோ’ தொடரின் ஒளிபரப்பும் அதன் முகப்புப் பாடலும்

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கதையையும் படத்தையுமே சான்றாகக் கொள்கின்றனர். ஒளிபரப்பான கிழமை, நேரம், எதிர் அலைவரிசையில் ஓடிய நிகழ்ச்சி, தொடக்கத்தில் ஒலித்த பாட்டு ஆகியவை அடிக்குறிப்புகளாகவே ஒதுக்கப்படுகின்றன. 1974ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘உச்சூ சென்கான் யாமாட்டோ’, அதாவது ‘விண்வெளிப் போர்க்கப்பல் யாமாட்டோ’ என்னும் அசைவூட்டத் தொடரின் வரலாறோ இந்த அடிக்குறிப்புகளில்தான் அடங்கியிருக்கிறது. முதல் ஒளிபரப்பில் தோல்வியுற்ற அத்தொடர் மூன்றே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் அடையாளமாக மாறியது எவ்வாறு என்பதும், அம்மாற்றத்தில் அதன் இசை வகித்த பங்கு யாது என்பதுமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஜப்பானியர் பெயர்கள் அந்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னிட்டு இங்கு எழுதப்பெற்றுள்ளன.

ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சிகள்

1974 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழரை மணிக்கு யொமியூரி தொலைக்காட்சி தயாரிப்பில் நிப்பான் தொலைக்காட்சி வலையமைப்பு வழியாக யாமாட்டோவின் முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதே நேரத்தில் ஃபுஜி தொலைக்காட்சியில் ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி’ ஓடிக்கொண்டிருந்தது. டிபிஎஸ் அலைவரிசையிலோ அன்றைக்கே ‘குரங்குப் படை’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர், நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது, தொடங்கிற்று. ஆக, ஒரு குழந்தை அந்த அரை மணி நேரத்தில் மூன்றில் ஒன்றைத்தான் காண இயலும். வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதே பொதுவழக்கு. எதைப் பார்ப்பது என்ற முடிவும் பெரும்பாலும் குழந்தைகள் கையில் இல்லை. புனைகதை எழுத்தாளர் தொயோதா அரிட்சுனே யாமாட்டோவின் உருவாக்கத்திலும் குரங்குப் படையின் மூலக்கதையிலும் பங்கு கொண்டிருந்தார் என்பது இவ்விடத்தில் ஒரு வேடிக்கை; தாமே தமக்குப் போட்டியாளராக அமைந்துவிட்டார்.

போட்டியில் வென்றது ஹைடி. அவ்வாண்டு ஜனவரி 6 முதல் ஒன்பது மாதங்களாகக் குடும்பங்களின் ஞாயிறு மாலையை அது தன்வயப்படுத்தியிருந்தது. தகஹாதா இசாவோ இயக்கிய அத்தொடருக்குப் பார்வையாளர் விழுக்காடு இருபதைத் தாண்டி நின்றது. யாமாட்டோ ஏழு விழுக்காட்டை ஒட்டியே தடுமாறிற்று. டிசம்பர் 29இல் ஹைடி தன் ஐம்பத்திரண்டாம் பகுதியோடு நிறைவுற்றது. ஆயினும் யாமாட்டோவுக்கு இடைவெளி கிட்டவில்லை. 1975 ஜனவரி 5 முதல் ஃபுஜி அலைவரிசையில் அதே நேரத்தில் ‘ஃபிளாண்டர்ஸ் நாட்டு நாய்’ தொடங்கிவிட்டது. யாமாட்டோ ஒளிபரப்பான இருபத்தாறு ஞாயிறுகளுள் முதற் பதின்மூன்று ஹைடிக்கு எதிராகவும், எஞ்சிய பதின்மூன்று அந்த நாய்க்கு எதிராகவும் கழிந்தன.

முப்பத்தொன்பது பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் இருபத்தாறாகக் குறைக்கப்பட்டது. இக்குறைப்பு கதையின் அமைப்போடு விபரீதமாகப் பொருந்திற்று எனலாம். கதைப்படி கி.பி. 2199இல் காமிலாஸ் என்னும் அயற்கோளினர் வீசும் கதிரியக்கக் குண்டுகளால் பூமி வறண்டுவிடுகிறது. மனித இனம் அழிய ஓராண்டே எஞ்சியுள்ளது. 1,48,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இஸ்காண்டர் கோளுக்குச் சென்று கதிரியக்கத்தை நீக்கும் கருவியைக் கொண்டுவர ஒரு கப்பல் புறப்படுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எஞ்சிய நாள்களின் எண்ணிக்கை திரையில் அறிவிக்கப்படும். கப்பலுக்கு நாள் குறைந்துகொண்டிருக்க, தொடருக்கும் வாரங்கள் குறைந்தன. பிற்பகுதிகளில் கதை விரைந்து ஓடுவதைக் காணும் இன்றைய பார்வையாளர் அதனைக் கதைக்குரிய பதற்றமாகவே உணர்கின்றனர். அதில் ஒரு பகுதி ஒளிபரப்பு நிலையம் விதித்த பதற்றமாகும். 1975 மார்ச் 30இல் தொடர் முடிந்தது.

பாட்டை ஆக்கியோர்

தயாரிப்பாளர் நிஷிசாகி யொஷினொபு இசைத்துறையிலிருந்து அசைவூட்டத்துக்கு வந்தவர். 1973இல் அவர் தயாரித்த ‘வான்சா குன்’ தொடருக்கு மியாகவா ஹிரோஷி இசையமைத்திருந்தார். மியாகவா குழந்தைப் பாடல்களில் ஊறியவர் அல்லர். 1960களில் ‘தி பீநட்ஸ்’ என்னும் இரட்டைச் சகோதரியர் பாடிப் புகழ்பெற்ற மெல்லிசைப் பாடல்கள் பலவற்றை ஆக்கியவர். ஜாஸ் இசையிலும் பெரிய பித்தளைக் கருவிக் குழுக்களிலும் தேர்ச்சி பெற்றவர். பாடலாசிரியர் அகு யூவும் அத்தகையவரே. 1971இல் ஜப்பான் இசைத்தட்டு விருது பெற்ற பாடலை எழுதி, பெரியோருக்கான மெல்லிசையில் முதலிடத்தில் இருந்தவர். பாடகர் சசாகி இசாவோ இளமையில் ராக்கபில்லி பாடி மேடையேறியவர். 1973இல் ‘கஷான்’ தொடரின் பாடல் வழியே இத்துறைக்குள் நுழைந்தார். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றுக்கு, பெரியோருக்கான இசையில் பெயர்பெற்ற மூவர் சேர்ந்து பாட்டு உருவாக்கினர் என்பது கவனத்துக்குரியது. அக்காலத்து அசைவூட்டப் பாடல்கள் பெரும்பாலும் நாயகனின் பெயரையும் ஆயுதத்தையும் திரும்பத் திரும்பக் கூவும் இயல்பின. யாமாட்டோ பாடலிலும் கப்பலின் பெயர் உண்டு. ஆனால் அதன் உள்ளடக்கம் வெற்றி அன்று, பிரிவு. பூமியை விட்டுப் புறப்படுவோர் திரும்பி வருவதாக வாக்களித்துச் செல்கின்றனர், அவ்வளவே.

தொடக்கத்துச் சில பகுதிகளில் இப்பாடல் இன்று நாம் கேட்கும் வடிவில் தொடங்கவில்லை. மெதுவான காலத்தில், ஆண்குரல் குழு அடங்கிய தொனியில் பாடத் தொடங்கி, அதன் பின்னரே தாளம் வேகமெடுத்து அணிநடையாக மாறும். பின்வந்த பகுதிகளில் அம்மெதுநடை நீக்கப்பட்டு, முரசும் பித்தளைக் கருவிகளும் முதலிலேயே முழங்கின. மெதுநடைத் தொடக்கத்தில் இரங்கல் தன்மை வெளிப்படையாக இருந்தது. அது நீங்கிய பின்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. காரணம், பாடல் மைனர் சுரவரிசையில் அமைந்தது. படைகள் நடப்பதற்கு இயற்றப்படும் மெட்டுகள் பொதுவாக மேஜர் சுரவரிசையில் ஒளிமிகுந்து நிற்பவை. யாமாட்டோவில் தாளம் முன்னேறச் சொல்கிறது, சுரம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. இந்த முரணே பாட்டின் ஆற்றல் என்பது என் கருத்து.

நிறைவுப் பாடலான ‘செக்கச்சிவந்த கழுத்துத்துணி’யும் சசாகி பாடியதே. வழியனுப்பிய பெண்ணின் கையில் அசைந்த சிவப்புத் துணியைக் கப்பலில் உள்ள ஆண்கள் ஒவ்வொருவரும் தனக்காக அசைந்ததாக எண்ணிக்கொள்ளும் பாட்டு அது. ஞாயிறு மாலை எட்டு மணிக்கு முன் சிறுவர்களுக்குக் கேட்பிக்கத்தக்க பாட்டா என ஐயுறுவோர் இருக்கலாம். துறைமுகத்து மதுக்கடையில் பாடத்தக்க தொனி அதற்கு உண்டு. மூன்றாவதாக, சொற்களே இல்லாத ஒரு குரல். கவாஷிமா கசுகோவின் மேற்தாயிக் குரல் எழுத்தின்றி ஆலாபனையாக எழும்போது விண்வெளியின் வெறுமை செவிக்குப் புலனாகிறது. வரைபடத்தில் கறுப்பு வண்ணமும் சில வெண்புள்ளிகளுமே இருந்த இடத்தை அக்குரலே ஆழமாக்கியது.

மூழ்கிய கப்பல்

யாமாட்டோ என்பது கற்பனைப் பெயர் அன்று. ஏகாதிபத்திய ஜப்பானியக் கடற்படையின் மிகப் பெரிய போர்க்கப்பலான யாமாட்டோ, ஒக்கினாவாவை நோக்கித் திரும்பிவரும் நம்பிக்கையின்றி அனுப்பப்பட்டு, 1945 ஏப்ரல் 7இல் அமெரிக்க விமானங்களின் தாக்குதலால் மூழ்கியது. அதிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருள் சில நூற்றுவரே பிழைத்தனர். தொடரில், கடல் வற்றிய பூமியில் துருப்பிடித்துக் கிடக்கும் அக்கப்பலின் சிதைவுக்குள்தான் புதிய விண்கலம் மறைவாகக் கட்டப்படுகிறது. இரண்டாம் பகுதியில் 1945ஆம் ஆண்டுக் கடைசிப் பயணமே காட்சியாக வருகிறது.

இக்காட்சியின் இசை குறித்துத் தயாரிப்புக் குழுவுக்குள் எழுந்த பூசல் குறிப்பிடத்தக்கது. செதோகுச்சி தோகிச்சி இயற்றிய ‘போர்க்கப்பல் அணிநடை’ பழைய கடற்படையின் அதிகாரப்பூர்வ இசையாகத் திகழ்ந்தது. போருக்குப் பின் பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களின் ஒலிபெருக்கிகளில் முழங்கும் நிலையை அது அடைந்தது. ஒரு பேரரசின் இசைக்கு இதைவிடக் கசப்பான மறுவாழ்வு இருக்க முடியாது. அந்த இசையைக் காட்சியில் பயன்படுத்த நிஷிசாகி விரும்பினார். காட்சியமைப்பிலும் இயக்கத்திலும் முதன்மைப் பங்காற்றிய ஓவியர் மட்சுமொட்டோ லெய்ஜி அதனைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அவ்விடத்துக்கு வேறு இசை அமைக்கப்பட்டது.

போர் முடிந்தபோது மியாகவாவுக்குப் பதினான்கு வயது, நிஷிசாகிக்குப் பத்து, அகு யூவுக்கு எட்டு, மட்சுமொட்டோவுக்கு ஏழு. போரிட்ட தலைமுறை அன்று இது. போரை வீட்டுக்குள்ளிருந்து கண்டு, தோல்வியின் மறுநாள் பள்ளிக்குச் சென்ற தலைமுறை. பழைய கப்பலின் பெயரை விடவும் அவர்களுக்கு மனமில்லை, பழைய அணிநடையை ஏற்கவும் அனைவருக்கும் மனமில்லை. மியாகவாவின் முகப்புப் பாடல் இவ்விரண்டுக்கும் இடையில் பிறந்தது. யாமாட்டோவைப் படைவாத ஏக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளும் திறனாய்வாளர் அதன் படங்களைச் சான்றாகக் காட்டுவர். கொடிகளும் பீரங்கிகளும் அங்கு உள்ளனதாம். ஆனால் இசையைச் செவிமடுப்போருக்கு அத்தீர்ப்பு எளிதாகத் தோன்றாது. 1945இல் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பப்பட்டோருக்கு மாறாக, இப்பாட்டில் திரும்பி வருவதே கடமை. பயணத்தின் கணக்கும் அவ்வாறே: மூன்றாம் பகுதியின் தலைப்பு 2,96,000 ஒளியாண்டு எனக் குறிப்பது போய்வரும் தொலைவைச் சேர்த்தே.

ஒலிநாடாவில் எஞ்சியது

1974இல் ஒளிபரப்பான படம் ஒளிபரப்போடு மறைந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும் விஎச்எஸ் 1976இலும்தான் விற்பனைக்கு வந்தன; வந்தபின்னும் சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. ஆனால் ஒலிநாடாப் பதிவுக் கருவி மாணவர்களின் கைக்கு வந்திருந்தது. தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி முன் அதனை வைத்து, வீட்டில் எவரும் பேசாதிருக்கும்படி வேண்டி, முழுப் பகுதியையும் ஒலியாகப் பதிந்துகொள்வது அத்தலைமுறை ரசிகர்களின் வழக்கம். கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட முகப்புப் பாடலின் இசைத்தட்டும் கடைகளில் கிடைத்தது. ஆகவே தொடர் நின்றபின் ரசிகர்களிடம் மிஞ்சியது செவிவழி யாமாட்டோ. உரையாடலையும் பின்னணி இசையையும் மனப்பாடமாக அறிந்திருந்த ஒரு கூட்டம், படத்தை மீண்டும் காணக் காத்திருந்தது. மறு ஒளிபரப்புகளில் பார்வையாளர் பெருகியதை விளக்குவோர் கதையின் தரத்தைச் சுட்டுவர்; அதனோடு இந்தச் செவிப்பழக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முதல் அங்கீகாரமும் விழுக்காட்டுக்கு வெளியிலிருந்தே வந்தது. 1975இல் அறிவியல் புனைகதை ரசிகர்கள் வழங்கும் செய்யுன் விருது யாமாட்டோவுக்குக் கிடைத்தது. ரசிகர் மன்றங்கள் தோன்றின. கையெழுத்துப் படி இதழ்கள் வெளிவந்தன. 1977இல் தொடங்கிய ‘அவுட்’ என்னும் மாத இதழ் தன் இரண்டாம் இதழிலேயே யாமாட்டோவுக்குப் பெரும் சிறப்புப் பகுதி ஒதுக்கியது. தொடரின் பகுதிகளைத் தொகுத்துச் செய்த திரைப்படம் 1977 ஆகஸ்ட் 6இல் வெளியானபோது திரையரங்குகளின் வாயிலில் இளைஞர்கள் முந்தைய இரவே வரிசையில் நின்றனர். வரிசையில் நின்றோர் சிறுவர் அல்லர், பதின்வயதினர் என்பதைத் துறையினர் வியப்போடு கண்டனர்.

இசைத்தட்டு நிறுவனத்தார் இதனை விரைவாகவே உணர்ந்தனர். உரையாடலும் இசையும் கலந்த தொகுப்பு 1977 கோடையில் வெளிவந்து நன்கு விற்றது. அவ்வாண்டு டிசம்பரில் வந்தது ‘சிம்ஃபொனி இசைக்கோவை: விண்வெளிப் போர்க்கப்பல் யாமாட்டோ’. தொடருக்காகத் துண்டுதுண்டாகப் பதிவான பின்னணி இசையை மியாகவா பெரிய வாத்தியக் குழுவுக்காக மீண்டும் விரித்து எழுதினார். பாட்டு இல்லை, உரையாடல் இல்லை. கவாஷிமாவின் சொல்லற்ற குரல் மட்டும் உண்டு. பின்னணி இசையைத் தனியே அமர்ந்து கேட்பதற்கு ஒரு பெரும் சந்தை உண்டு என்பதை இத்தட்டு மெய்ப்பித்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குப் புகழ்பெற்ற அசைவூட்டப் படைப்புகள் பலவற்றுக்கும் ‘சிம்ஃபொனி இசைக்கோவை’ என்ற பெயரில் தட்டு வெளியிடுவது வழக்கமாயிற்று.

1978 ஆகஸ்ட் 5இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படம் நாயகனையும் கப்பலையும் மரணத்தில் முடித்துவைத்தது. யாமாட்டோ இனி ஒருபோதும் தோன்றாது என்ற பொருள்பட ஓர் அறிவிப்பும் இறுதியில் வந்தது. நிறைவுப் பாடலை எழுதியவர் அகு யூவே. பாடியவர் அன்றைய மெல்லிசை உச்சநட்சத்திரம் சவாதா கென்ஜி. பார்த்தோர் கண்ணீரோடு வெளியேறினர். அக்டோபர் 14இல், இரண்டு மாதமும் சில நாள்களும் கழித்து, அதே கதை வேறு முடிவோடு ‘யாமாட்டோ 2’ எனத் தொலைக்காட்சியில் தொடங்கியது. சனிக்கிழமை மாலை ஏழு மணி. எதிரில் ஹைடி இல்லை. விழுக்காடு இருபதைத் தாண்டியது. வணிகம் துயரத்தைவிட நீண்ட ஆயுள் உடையது போலும். இத்திரைப்படத்தின் இசையில் பகைவரின் வெண்வால்மீனுக்கு மியாகவா குழலார்கன் ஒன்றை முழங்கவைத்தார். அதனை வாசித்தவர் அவருடைய மகன், பதினேழு வயதினரான மியாகவா அகிரா.

கடல் கடந்த இரு பாடல்கள்

1974 இலையுதிர் காலத்தில் எதிரெதிர் அலைவரிசைகளில் ஒலித்த இரு பாடல்களும் வெளிநாடுகளில் வெவ்வேறு கதியை அடைந்தன. ஹைடியின் பாடலை வதனபே தாகேயோ இசையமைக்க, கவிஞர் கிஷிதா எரிகோ எழுத, இதோ கயோகோ பாடினார். அதில் வரும் யோடல் குரலும் ஆல்ப்ஸ் மலைக்கொம்பின் ஒலியும் சுவிட்சர்லாந்திலேயே பதிவு செய்யப்பட்டவை. இயக்குநர் குழுவினர் 1973இல் நேரில் சென்று நிலத்தைக் கண்டுவந்த அதே சிரத்தை இசையிலும் இருந்தது. ஸ்பெயினில் இம்மெட்டு ஸ்பானிய மொழிச் சொற்களோடு அப்படியே ஒலித்தது. ஆனால் 1977இல் ஜெர்மானிய மொழியில் இத்தொடர் ஒளிபரப்பானபோது, சுவிட்சர்லாந்தின் ஒலியைத் தேடிச்சென்று பதிந்த அந்தப் பாட்டு அகற்றப்பட்டது. கிறிஸ்டியன் புரூன் இயற்றிய புதிய பாடல் அவ்விடத்தில் அமர்ந்தது. இன்றும் ஜெர்மானியருக்கு ஹைடி என்றால் புரூனின் மெட்டே. இத்தாலியரும் புரூனின் மெட்டையே தம் மொழிச் சொற்களோடு ஏற்றனர்.

யாமாட்டோவுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. 1979 செப்டம்பரில் அமெரிக்காவில் ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ எனும் பெயரில் அது ஒளிபரப்பானபோது கப்பலின் பெயர் ஆர்கோ ஆயிற்று, பாத்திரப் பெயர்கள் மாறின, பாட்டின் சொற்கள் முழுமையும் ஆங்கிலத்தில் புதிதாக எழுதப்பட்டன. மெட்டு மட்டும் மாறவில்லை. பசிபிக் போரில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த கப்பலைக் குறித்த அணிநடையை, அப்பெயரை அறியாத அமெரிக்கச் சிறுவர்கள் பாடித் திரிந்தனர். ஜப்பானிலோ அம்மெட்டு பள்ளிப் பித்தளைக் குழுக்களின் பாடத்திட்டம்போல ஆயிற்று. உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் ஆட்டங்களில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஊக்க இசையாக எழுகிறது. கடல்சார் தற்காப்புப் படையின் இசைக்குழுவும் அதனை மேடைகளில் வாசிக்கிறது. பழைய கடற்படையின் அணிநடையும் அக்குழுவின் இசைத்தொகுப்பில் உண்டு. மட்சுமொட்டோ ஒரு காட்சிக்குள் சேர விடாத இரண்டும் இப்போது ஒரே குழுவின் கைகளில் உள்ளன.

இசைக்குறிப்பு இன்றி

மியாகவா ஹிரோஷி 2006 மார்ச்சில் காலமானார். அகு யூ அடுத்த ஆண்டு ஆகஸ்டில். நிஷிசாகி 2010 நவம்பரில் ஒகசவாரா தீவுகளருகே, யாமாட்டோ என்றே பெயரிடப்பட்ட கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். முதல் தொடரின் கதையை மீண்டும் படைக்கும் ‘யாமாட்டோ 2199’ தயாரானபோது இசைப்பொறுப்பு மியாகவா அகிராவிடம் வந்தது. தந்தையின் 1974ஆம் ஆண்டு மூல இசைக்குறிப்புத் தாள்கள் கிடைக்கவில்லை. ஒருமுறை பதிவு செய்யப்பட்டபின் தாள்கள் யாருக்கும் தேவைப்படா என்பதே அக்காலத்துத் தொலைக்காட்சியின் எண்ணம். எனவே மகன் பழைய பதிவுகளைக் கேட்டு, எந்தக் கருவி எந்தச் சுரத்தை வாசிக்கிறது எனச் செவியாலேயே பிரித்தறிந்து, இசைக்குறிப்பை மீண்டும் எழுதினார். 1974இல் அவருக்குப் பதின்மூன்று வயது. ஒலிநாடாவோடு தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த ரசிகர்களின் வயதே.

இப்புதிய படைப்பின் முதற்பகுதி திரையரங்குகளில் 2012 ஏப்ரல் 7இலும், தொலைக்காட்சி ஒளிபரப்பு 2013 ஏப்ரல் 7இலும் தொடங்கின. இரண்டும் போர்க்கப்பல் மூழ்கிய தேதி. தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் மாலை ஐந்து மணி. சசாகி இசாவோ முகப்புப் பாடலை மீண்டும் பாடினார். கவாஷிமாவின் சொல்லற்ற குரலை யூக்கா என்னும் இளம்பாடகி ஏற்றார். தொடரின் பிற்பகுதியில் அம்முகப்புப் பாடல் எடுக்கப்பட்டு, யுவர்வேர்ல்ட் என்னும் ராக் குழுவின் புதிய பாட்டு அவ்விடத்தில் வைக்கப்பட்டது. கதைக்குள் பின்னணியாக மட்டும், செவியால் மீட்டெடுத்த குறிப்பின்படி, பழைய மெட்டு கடைசிப் பகுதிவரை தொடர்ந்து ஒலித்தது.